எங்க பிடிக்குது?

பதினோரு மணி அடித்ததும் கட்டிங் மாஸ்டர் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டு ட்ரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். தைத்த துணியை வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்ப்பதற்காகக் கடை மூலையில் தடுத்துவைத்த இடம் அது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று, ஸ்டூல் ஒன்று, சுவரில் மூன்று ஆணி. ஸ்டூலில் உட்கார்ந்து இடது பேன்ட்டைத் தொடைவரை சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் அவருடைய சொந்தக் கால் முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது செயற்கைக் கால் மையத்தில் கொடுத்தது. லாரியைப் பின்பக்கமாக எடுத்தவன் கண்ணாடியைப் பார்க்காததால் வந்த கால். வாரை அவிழ்த்து அதை உருவினார். காலையில் வீட்டில் போட்ட சாக்ஸ் இரண்டு, ஒன்பதரைக்குப் போட்டது ஒன்று. சட்டைப்பையிலிருந்து நான்காவதை எடுத்தார்.

மீதிக் கால் போய் உட்காருவதற்குச் செயற்கைக் காலின் மேல்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அளவெடுத்தபோது அது கச்சிதமாகத்தான் இருந்தது. அப்புறம் மீதிக் கால் இளைத்துவிட்டது, கிண்ணம் இளைக்கவில்லை. நிற்க நிற்கக் கால் உள்ளே இறங்கும். இறங்கி இறங்கி எலும்பின் நுனி கிண்ணத்தின் அடியில் போய் இடிக்கும். இடைவெளியை அடைக்கத்தான் சாக்ஸ்மேல் சாக்ஸ். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. போன மாதம் எலும்பு நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்த சிவப்பு, இப்போது கண்ணாடியில் கோட்டுப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. நடுவில் தோல் உரிந்து ஈரமாக மின்னியது. அதன்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, நான்காவது சாக்ஸை இழுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் கிண்ணத்துக்குள் இறக்கினார்.

"மாஸ்டர், உள்ள இன்னும் எவ்வளவு நேரம்? உங்களைப் பொண்ணு வீட்டுக்காரங்க யாராவது பாக்க வர்றாங்களா?" வெளியிலிருந்து காஜா அக்காவின் குரல். பொத்தான் துளை போடுவது அவர் வேலை. இருபது வருஷமாகக் கை ஓடும்போது வாயும் ஓடும்.

"உன் காஜாவைக் கவனி அக்கா. பொத்தானை உள்ள தள்ள ஆள் வைக்கணும் போலன்னு நேத்து ஒருத்தர் திட்டிட்டுப் போனாரு."

"அவருக்குத் தொப்பை. அதுக்கு நான் என்ன பண்றது?"

மாஸ்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். திரையைத் தாண்டும்போது முகத்தில் சிரிப்பு இருந்தாக வேண்டும் என்பது அவரே வைத்துக்கொண்ட சட்டம். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரி கோட்டு நாப்பது இருக்கு மாஸ்டர். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேற மலை மாதிரி கிடக்கு."

"ஆயிடும் முதலாளி."

விபத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி கெட்ட மனதோடு எதுவும் சொல்லிவிடவில்லை. "எனக்கு நின்னு வெட்டுற ஆளு வேணும். உக்காந்து வெட்டினா அடித்துணி இழுத்துக்கும். நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை" என்றார். உண்மைதான். பதினாறு மடிப்புத் துணியைக் கத்தரி வழுக்காமல் வெட்ட, உடம்பு முழுவதும் மேஜைமேல் சாய வேண்டும். அன்றிலிருந்து மாஸ்டர் நிற்கிறார். சீசன் நேரத்தில் பத்து மணி நேரம் நிற்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் உடம்பில் எங்கே எது இறுக்குகிறது என்று கண்டுபிடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சட்டையைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வருகிறவர், "நல்லா இருக்கு, பேக் பண்ணிடுங்க" என்பார். மாஸ்டர் நகரமாட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எங்க பிடிக்குது?" என்பார். "இல்லையே, சரியாத்தான் இருக்கு." "தோளைத் தூக்கிட்டு நிக்கிறீங்க. அக்குள்ல பிடிக்குது. சொன்னாத்தானே பிரிச்சு விடுவேன்? உள்ள துணி விட்டிருக்கேன்." சாக்குக்கட்டியால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். வாய் திறந்து சொல்லாமல் போய், வீட்டில் உட்கார்ந்து திட்டுகிற வாடிக்கையாளர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, செயற்கைக் கால் மையத்தில் மாஸ்டர்தான் நாயகன். மையத்தின் டெக்னீஷியனை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். அவர் 'டாக்டர் இல்லங்க' என்று மறுத்து மறுத்து அலுத்துப்போய், கடைசியில் 'கால்காரர்' என்ற பெயரில் நிலைத்துவிட்டார். புதிதாகக் கால் வாங்க வந்தவர்கள் பெஞ்சில் ஊன்றுகோல்களோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் அவர்கள் முன்னால் நடப்பார். திரும்புவார். நான்கு படி ஏறி இறங்குவார். கடைசியில் பேன்ட்டைத் தூக்கிக் காட்டும்போது பெஞ்சில் ஒரு பெருமூச்சு எழும். "வலிக்குமா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "செருப்பு மாதிரிதாங்க. போட்டிருக்கறதே தெரியாது" என்பார். அந்த முகங்களில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வரும். அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றும். அதைப் பொய் என்று அவர் நினைத்ததே இல்லை.

வியாழக்கிழமை கால்காரரிடமிருந்து போன் வந்தது.

"மாஸ்டர், ஒரு உதவி. ரெண்டு மாசம் முன்னாடி வந்தாங்களே, விடுதி சமையலம்மா, நினைவிருக்கா? சத்தமாப் பேசுவாங்க."

"பெஞ்சு அதிரச் சிரிச்சாங்களே, அவங்கதானே?"

"அவங்கதான். கால் கொடுத்து ஆறு வாரம் ஆச்சு. முதல் வாரம் போன்ல கேட்டேன், ஒண்ணும் பிரச்சினை இல்லன்னாங்க. அப்புறம் போனே எடுக்கலை. இப்ப அவங்க பொண்ணு சொல்லுது, காலைக் கழட்டிக் கதவு மூலையில நிறுத்திட்டாங்களாம். இனிமே தொடமாட்டேங்கறாங்களாம். அடுத்த மாசம் விடுதி திறக்குது. எழுந்து நிக்கலைன்னா அடுப்பு வேற ஆள் கைக்குப் போயிடும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க. உங்களைத்தான் எப்பவும் சொல்லிட்டிருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நீ எதுக்கு?" என்றார். "கால் போன பொம்பளை. நீங்க தனியாப் போய் நின்னா அவங்க எதைப் பேசுவாங்க, எதைக் காட்டுவாங்க? நானும் வர்றேன்." அவளுக்கு ஒரு சலவைக் கடையில் வேலை. துணி எண்ணி வாங்கி, எண்ணி மடித்து, எண்ணிக் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். விபத்துக்குப் பிறகு எட்டு மாதம் அவரைக் குழந்தை மாதிரி தூக்கி நிறுத்தியவள். புதுக்காலோடு அவர் முதன்முதலில் சமையலறை வாசல்வரை நடந்து வந்து நின்ற அன்றுதான் அழுகையை நிறுத்தினாள். அந்த அழுகையைத் திரும்ப வரவழைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

சமையலம்மாவின் வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் இல்லை. இருபத்தெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் எலும்பு நுனி ஒரு முறை இடித்தது. மாஸ்டர் மாடியைத் தொட்டதும் கதவைத் தட்டாமல் கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

சமையலம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் பார்த்த ஆள் பாதியாகியிருந்தார். கதவு மூலையில், குடைக்கும் துடைப்பத்துக்கும் நடுவே, புதுக்கால் தலையணை உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"வாங்க மாஸ்டர். உக்காருங்க. நீங்க எதுக்கு உக்காரணும், உங்களுக்குத்தான் கால் போட்டதே தெரியாதே" என்றார். பழைய குறும்பு கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்தது. மகள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"என்னங்கம்மா, காலை இப்படி மூலைக்கு அனுப்பிட்டீங்க?"

"என் உடம்புதான் சொகுசு உடம்பு போல. போட்டு அரை மணி நேரத்துல உயிர் போகுது. முட்டிக்குக் கீழ, வெளிப்பக்கம், கத்தி வச்சு அழுத்துற மாதிரி. முதல்ல நாலு நாள் பல்லைக் கடிச்சுட்டு நடந்தேன். புண்ணாச்சு. புண்ணோட நடந்தேன். 'செருப்பு மாதிரி'ன்னு நீங்க சொன்னீங்களே, அந்த மனுஷன் நாள் பூரா நின்னு துணி வெட்டுறாரு, அவருக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு மட்டும் என்ன கேடுன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன்."

"கால்காரர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"போன் பண்ணாரு. என்ன சொல்றது? எல்லாருக்கும் சரியா இருக்கறது எனக்கு மட்டும் வலிக்குதுன்னா? அழறதுக்குன்னே பொறந்தவள்னு நினைக்கமாட்டாரா? ஒண்ணுமில்லன்னு சொல்லி வச்சிட்டேன்."

 பழக்கம் லேசில் விடுமா? வாய் தன்னால் திறந்தது. "புதுசுல அப்படித்தாங்க இருக்கும். போடப் போடச் சரியாயிடும்."

சமையலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்ன ஜாக்கெட்டா மாஸ்டர், போடப் போடத் தளர்ந்து குடுக்கறதுக்கு?"

மனைவி லேசாகச் சிரித்துவிட்டாள். மாஸ்டரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவர் இருந்த நாற்காலி தாழ்வானது. முழங்கால் மடங்கி, கிண்ணத்தின் விளிம்பு பின்னால் அறுத்தது. தாங்கமாட்டாமல் இடது பக்கத்தைச் சற்றே தூக்கி உட்கார்ந்தார்.

"எங்க பிடிக்குது?" என்றாள் மனைவி.

அவருடைய கேள்வி. அவருடைய தொனிகூட. அவள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுவும் இல்லையே."

"இடுப்பைத் தூக்கிட்டு உக்காந்திருக்கீங்க. படி ஏறி வந்து தெருவை வேடிக்கை பார்த்தீங்க. எங்க பிடிக்குது?"

 கதவு மூலையில் அந்தக் கால் உறைக்குள் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார். ஆறு வாரம். ஒரு வாக்கியத்தை நம்பி, தன் உடம்பைத் தானே திட்டிக்கொண்டு ஆறு வாரம். குனிந்து இடது பேன்ட்டைச் சுருட்டினார். வாரை அவிழ்த்தார். காலை உருவித் தரையில் வைத்தார். முதல் சாக்ஸ். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதின் நுனியில் பழுப்பாக ஈரம் கசிந்திருந்தது. பிளாஸ்திரி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினார் சமையலம்மா. பழைய, பெஞ்சு அதிர்கிற குரல். உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள். "இதை வச்சுக்கிட்டா படி ஏறிக் காட்டினீங்க? இதை வச்சுக்கிட்டா செருப்பு, மிதியடின்னு கதை விட்டீங்க? என்னை ஆறு வாரம் அழ வச்சீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா!" திட்டிக்கொண்டே வந்தவர், புண்ணைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். "ஐயோ, எவ்வளவு வலிக்கும் இது" என்றார் தாழ்ந்த குரலில். அந்த வலியின் விலாசம் தெரிந்த ஒருவர் கேட்கிற மாதிரிக் கேட்டார். கால் போன பிறகு மாஸ்டரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க அவர் விட்டதில்லை.

"நாலு மாசமா" என்றார், மனைவியைப் பார்க்காமல்.

"தெரியும்" என்றாள் அவள். "எட்டு சாக்ஸ் குடுத்தாங்க. துவைக்க ரெண்டுதான் வருது. மத்ததைக் கடையிலயே அலசி, இஸ்திரிப் பெட்டி போட்டுக் காய வைக்கிறீங்க. கருகின வாசனை. எனக்குத் துணி எண்ணத் தெரியாதா?"

"கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். இன்னைக்கு அவங்களுக்குத் துணையா இருக்கவா வந்தேன்?" குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை. கீழே கிடந்த சாக்ஸ்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கை தன் வேலையைச் செய்தது.

அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் மையத்தில் ஒரு தடவைகூடப் பேசாதது. காலையில் சரியாக இருக்கும் கால் எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்கும். மதியம் அரை மணி நேரம் கழற்றி வைத்தால் மாலை எப்படி இருக்கும். அவர் அதைக்கூடச் செய்யாமல் எப்படி ஏமாற்றினார். இல்லாத பெருவிரல் திடீரென்று அரிக்கும், சொறிவதற்கு இடம் இருக்காது. "அட, உங்களுக்குமா!" என்றார் சமையலம்மா. "எனக்குச் சுண்டுவிரல்! பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பொண்ணுகிட்டகூடச் சொல்லலை!" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு எதுக்கு மாஸ்டர் அதைப் போடறீங்க? கட்டை ஊனி நடக்கலாமே?" என்று கேட்டார் சமையலம்மா. நையாண்டி இல்லை. தனக்காகத்தான் கேட்டார்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "கட்டை ஊனினா ரெண்டு கையும் கட்டைக்குப் போயிடுதும்மா. ஒரு டம்ளர் தண்ணியை இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்குக் கொண்டுபோக முடியாது. இதைப் போட்ட அன்னைக்குக் கத்தரியை எடுத்தேன் பாருங்க... வலது கையில கத்தரி, இடது கையில துணி, கீழ எதையும் பிடிக்கலை. வலி இருந்துச்சு. ஆனா கை ரெண்டும் என்கிட்ட இருந்துச்சு. காலையில முதல் ரெண்டு மணி நேரம் இப்பவும் அப்படித்தான். போட்டது தெரியாதுன்னு சொன்னேன்ல, அது அந்த ரெண்டு மணி நேரத்துக்கு உண்மை. மீதியைச் சொல்லாம விட்டுட்டேன்."

சமையலம்மா தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். பெரிய அண்டாவை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிய கைகள். பிறகு மகளிடம், "அந்த உறையை எடுடி" என்றார். "கால் மூச்சு முட்டி நிக்குது."

மறுநாளே மூவரும் மையத்துக்குப் போனார்கள். சமையலம்மாவின் கிண்ணத்தைக் கால்காரர் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கம் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இங்கதானே? எலும்பு இடிக்குது. சூடு காட்டி லேசா வெளியே தள்ளிவிட்டாப் போதும். அரை மணி நேர வேலை. முதல் வாரமே சொல்லியிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். புண் ஆறியதும் அவர் நடக்கலாம். மாஸ்டர் விஷயம் வேறு. கிண்ணமே புதிது செய்ய வேண்டும். புண் காயும்வரை, வீக்கம் வடியும்வரை காலைத் தொடக்கூடாது. சனிக்கிழமை வந்தால் அளவெடுக்கலாம். கைக்கு வந்து சேர ஆறு வாரம்.

"ஆறு வாரமா?" என்றார் முதலாளி போனில். "சீசன்ல?" அப்புறம், "பார்க்கலாம் மாஸ்டர்" என்று வைத்துவிட்டார். அந்தப் பார்க்கலாமை மாஸ்டர் வாரம் முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று புரியவில்லை. புதன்கிழமை காஜா அக்கா கூப்பிட்டு, "உங்க கத்தரியை எடுத்து என் பெட்டிக்குள்ள பூட்டிட்டேன். யார் கேட்டாலும் தரமாட்டேன். சீக்கிரம் வந்து சேருங்க, திட்டறதுக்கு ஆள் இல்லாம வாய் நமநமங்குது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாதத்தின் முதல் சனிக்கிழமையாக இருந்தது. பெஞ்சில் புது ஆட்கள் நான்கு பேர். ஓரத்தில் ஒரு இளம்பெண், அவள் அண்ணனோடு. மாஸ்டர் ஊன்றுகோலில் வந்து நின்றதைப் பார்த்துக் கால்காரர் சங்கடப்பட்டார். "இவர்தான் நான் சொன்ன மாஸ்டர். இன்னைக்கு நடந்து காட்டமாட்டாரு. அளவு குடுக்க வந்திருக்காரு."

"வலிக்குமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டே விட்டாள்.

சரிசெய்த காலைப் போட்டுப் பார்க்க வந்திருந்த சமையலம்மா மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டரின் மனைவி பையில் இருந்த எட்டுச் சாக்ஸ்களின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வலிக்கும்மா" என்றார் மாஸ்டர். "எப்ப வலிக்கும், எதுக்கு வலிக்கும், யார்கிட்ட சொல்லணும்னு எல்லாம் சொல்றேன். கிட்ட வந்து உக்காரு. இதை முதல்ல பாரு."

மீதிக் காலின்மேல் மெல்லிய உறையை இழுத்துவிட்ட கால்காரர், எலும்பு மேடுகளைக் குறிப்பதற்காக, ஈரம் பட்டால் மாவுக்கட்டில் பதிகிற ஊதாப் பென்சிலை எடுத்தார். மாஸ்டர் கையை நீட்டினார். கால்காரர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். மாஸ்டர் குனிந்து, எலும்பு நுனியில், புதுத்தோல் இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டு வந்த இடத்துக்கு நேர்மேலே, உறையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். கோடு நேராக விழுந்தது. புதுக் கிண்ணத்துக்கு அச்செடுக்க, ஈரமான மாவுக்கட்டுத் துணி சுற்றுச் சுற்றாக அதன்மேல் ஏறியது. முதலில் சில்லென்றிருந்தது; இறுக இறுக உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பு கிளம்பி, முழங்கால்வரை ஏறி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். 

இறுகிய மாவுக்கட்டை உருவிக் கால்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைக் கூட்டின் அடி ஆழத்தில், ஈரம் காயாமல், ஊதா நிறத்தில் அந்தக் குறி பதிந்திருந்தது.